நுகத்தடிக்கு அடியில் ஒரு கணக்கு

வண்டி இழுக்கும் மாட்டின் கழுத்தில் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது? பள்ளிக்கூடத்துப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் நாமே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 400 கிலோ எடையுள்ள ஒரு காளை நாள் முழுக்கத் தளராமல் இழுக்கக்கூடிய விசை, தன் எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு. அதாவது 40 கிலோவைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய விசை. மேட்டில் ஏறும்போதும் சேற்றில் சக்கரம் புதையும்போதும் இது பல மடங்காகும். இப்போதைக்குச் சமதரையையே எடுத்துக்கொள்வோம். நுகத்தடி உருண்டையான மரம் என்பதால் அதன் முழு அகலமும் கழுத்தில் படியாது. படுகிற இடம் 4 சென்டிமீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால் மொத்தப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் தோலிலும் 400 கிராம் அழுத்துகிறது.

கேட்பதற்கு இது பெரிதாகத் தெரியாது. மருத்துவர்கள் பேசும் அளவுக்கு மாற்றிப் பார்த்தால்தான் புரியும். அது ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் பாதரசம். வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவியில் 120, 80 என்று வருகிறதே, அதே அளவுகோல். அந்தக் கருவியின் பட்டையில் காற்று ஏறி 160, 170ஐத் தொடும்போது நம்மில் பெரும்பாலோர்க்குக் கையில் ரத்த ஓட்டமே நின்றுவிடும். தோலுக்குள் ஓடும் தந்துகிகளில் அழுத்தம் அதைவிட மிகக் குறைவு. 1930இல் யூஜின் லாண்டிஸ் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளர், மனித விரலின் நகக்கண்ணில் உள்ள தந்துகிக்குள் நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செலுத்தி அளந்தார். ரத்தம் உள்ளே நுழையும் முனையில் கிடைத்த அளவு சுமார் 32 மில்லிமீட்டர். மாட்டின் தோல் நம்முடையதைவிடத் தடிமன்தான். ஆனாலும் அந்தத் தோலும் ரத்தத்தால்தான் வாழ்கிறது. ரத்தம் தாங்கும் அழுத்தத்தைப்போல ஒன்பது, பத்து மடங்கு மேலிருந்து அமுக்கினால், நுகத்துக்கு அடியிலுள்ள தோல் இழுக்கும் நேரமெல்லாம் பட்டினி கிடக்கிறது.

மாடு நின்று இளைப்பாறும்போது ரத்தம் திரும்பி வருகிறது. அதனால்தான் அன்றைக்கே புண் வருவதில்லை. முதலில் முடி உதிரும். பிறகு தோல் தடித்துக் காய்ப்புக் காய்க்கும். அதன்மேலும் ஓய்வில்லாமல் பூட்டினால் வெடித்துப் புண்ணாகும். ஈ மொய்க்கும், சீழ் வைக்கும், மறுநாளும் அதே இடத்தில் அதே மரம் ஏறும். "கழுத்து காய்ச்சுப்போச்சு" என்று வண்டிக்காரர் சாதாரணமாகச் சொல்வதற்குப் பின்னால் நடப்பது இவ்வளவும்.

மாற்று வழியும் அதே வகுத்தலுக்குள்தான் இருக்கிறது. விசையைக் குறைக்க முடியாவிட்டால் பரப்பைக் கூட்டலாம். நுகத்தின் அடிப்பக்கத்தைக் கழுத்தின் வளைவுக்கு ஏற்பக் குடைந்து, முடிச்சும் பிசிறும் இல்லாமல் இழைத்து, அகலமான மெத்தைப் பட்டை வைத்துப் படும் பரப்பை 400 சதுர சென்டிமீட்டர் ஆக்கினால் அழுத்தம் கால் பங்காகிவிடும். ஒரு நாள் தச்சு வேலை அது. எந்தக் கண்டுபிடிப்புக்கும் காத்திருக்க வேண்டாம். உலகின் ஏழை நாடுகளில் உழைக்கும் விலங்குகளின் துன்பத்தில் பெரும்பகுதி இந்த வகைதான் என்பதே நான் சொல்ல வந்தது. கொடுமைக்காரர்களால் வருகிற துன்பத்தைவிட, குறைந்துபோன சில சென்டிமீட்டரும் கிடைக்காத ஒரு வாளித் தண்ணீரும் தவறாக அடித்த ஒரு லாட ஆணியும் சேர்ந்து உண்டாக்குகிற துன்பம் அதிகம். அறிவும் கொஞ்சம் பணமும் அதைத் தீர்க்கும்.

இதை நான் எழுதுவது மேற்கு சிட்னியின் மெரிலேண்ட்ஸிலிருந்து. இங்கே தெருவில் உழைக்கும் விலங்கைப் பார்க்க முடியாது. ஆனால் இந்த நிலமும் விலங்குகளின் முதுகில் எழுந்ததுதான். பக்கத்திலேயே ஹோல்ராய்டில், பிரிக்வொர்க்ஸ் டிரைவ் என்ற தெருவில், குட்லெட் ஸ்மித் செங்கல் நிறுவனத்தின் பழைய ஹாஃப்மன் சூளையும் புகைபோக்கியும் பாரம்பரியச் சின்னங்களாக நிற்கின்றன. லாரி வராத காலத்தில் மண்ணையும் செங்கலையும் மரத்தையும் கம்பளியையும் இழுத்தவை குதிரைகளும் நீண்ட காளை வரிசைகளும்தான். உள்நாட்டுப் பாலைவனத்தைத் திறந்துவிட்டவை ஒட்டகங்கள். 1860இல் பர்க், வில்ஸ் ஆகியோரின் ஆய்வுப் பயணத்துக்காகக் கராச்சியிலிருந்து 24 ஒட்டகங்கள் கப்பலில் வந்தன. பின்னர் ஆயிரக்கணக்கில் வந்தன. கூடவே ஆப்கானிஸ்தான், பலூசிஸ்தான், சிந்து, பஞ்சாப் பகுதிகளிலிருந்து ஒட்டகக்காரர்களும் வந்தார்கள். மெரிலேண்ட்ஸ் ரோட்டில் இன்று ஆப்கான் ரொட்டிக்கடையைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ! பிறகு ரயிலும் மோட்டாரும் வந்தன. உரிமையாளர் இல்லாமல் திரியும் ஒட்டகங்களைச் சுட்டுத் தள்ள அனுமதிக்கும் சட்டத்தைத் தென் ஆஸ்திரேலியா 1925இல் கொண்டுவந்தது. கொல்ல மனம் வராத ஒட்டகக்காரர்கள் பலர் அவற்றைப் பாலைவனத்தில் அவிழ்த்துவிட்டார்கள். வேலை முடிந்த விலங்குக்கு என்ன கதி என்ற கேள்வி இலங்கையின் மன்னாரிலும் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வண்டி. நம்முடைய இரட்டை மாட்டுவண்டி இரண்டு சக்கரத்தின்மேல் நிற்கும் ஒரு தராசு. அச்சுக்கு முன்னால் சுமை கூடினால் அது மாட்டின் கழுத்தில் இறங்கும். பின்னால் கூடினால் நுகம் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். வண்டிக்காரர்கள் இவற்றை முன்பாரம், பின்பாரம் என்பார்கள். வண்டியில் ஏறுகிறவர்களை "முன்னே தள்ளி உக்காருங்க, பின்னே தள்ளி உக்காருங்க" என்று அவர்கள் ஓயாமல் சொல்வதற்குக் காரணம் இதுதான். இதையும் கணக்காகப் பார்க்கலாம். 1000 கிலோ சுமை. அச்சிலிருந்து நுகம்வரை 3 மீட்டர். சுமையின் நடுப்புள்ளி அச்சுக்கு ஒரு சாண் மட்டும் முன்னால் இருக்கிறது. நுகத்தின்மேல் இறங்கும் பாரம் 75 கிலோ. இழுப்பதற்கு வேண்டிய விசை வேறு. இது வெறுமனே கழுத்தில் உட்கார்ந்திருக்கும் பாரம். இரண்டு மாடும் ஒரே உயரமாக இல்லாவிட்டால் அதுவும் சமமாகப் பிரியாது. நடுப்புள்ளி அச்சுக்கு மேலேயே இருக்கும்படி மூட்டைகளை அடுக்கினால் அந்த 75 கிலோ அப்படியே இல்லாமல் போகும். சுமை குறையவில்லை, கூலி குறையவில்லை. அடுக்கிய முறை மட்டும் மாறியது.

அடுத்தது சக்கரம். இந்தியாவில் 1965ஆம் ஆண்டின் விதிகள் உண்டு, சுமை இழுக்கும், சுமக்கும் விலங்குகளைக் கொடுமையிலிருந்து காப்பதற்கானவை. அரசாணை நடையில் இருப்பதால் யாரும் ஆசையோடு படிப்பதில்லை. ஆனால் அதிலுள்ள ஓர் அட்டவணை நல்ல இயற்பியல் பாடம். 200 கிலோவுக்கு மேற்படாத சிறிய மாடு ஒன்று இழுக்கும் இரண்டு சக்கர வண்டியில், காற்றடைத்த டயர் இல்லையென்றால் 500 கிலோதான் ஏற்றலாம். டயர் இருந்தால் 750. பால் பேரிங்கும் இருந்தால் 1000. அதே மாடு, அதே கழுத்து. சக்கரம் மாறியதும் அனுமதி இரட்டிப்பாகிறது. இரும்புப் பட்டா மண்ணைக் கீறிக்கொண்டு புதைகிறது. ஒவ்வொரு கல்லிலும் சக்கரம் மோதும் மோதல் நுகம்வரை ஓடிவந்து கழுத்தில் இடிக்கிறது. டயர் கல்லை விழுங்கி உருள்கிறது. அச்சும் குடமும் ஒன்றோடொன்று உரசி ஆற்றலைத் தின்னும் இடத்தில், பேரிங்கின் குண்டுகள் உருண்டு அந்த உரசலை மிகச் சொற்பமாக்கிவிடுகின்றன.

ஆனால் இதிலும் ஓர் ஆபத்து உண்டு. சக்கரம் எளிதாக உருளும் வண்டி, இறக்கத்திலும் எளிதாக உருளும். பிரேக் இல்லாத டயர் வண்டி பாலத்திலிருந்து இறங்கும்போது முழுச் சுமையும் பின்னாலிருந்து மாட்டைத் தள்ளும். மாடு கழுத்தாலும் முன்னங்காலாலும் அதைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கும். வண்டி இலகுவாகிவிட்டது என்று சுமையைக் கூட்டுவதும் நடக்கிறது. ஆகவே டயர் கொடுக்கிறவர்கள் பிரேக்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் 1970களிலிருந்தே விடாமல் பேசியவர் என். எஸ். ராமசாமி. பெங்களூரு ஐ.ஐ.எம்மின் முதல் இயக்குநர். மேலாண்மைக் கல்வியின் உச்சியில் இருந்த ஒருவர் மாட்டுவண்டியின் அச்சையும் நுகத்தையும் பற்றிக் கவலைப்பட்டதைப் பலர் வியப்போடு பார்த்தார்கள். கார்ட்மேன் என்ற அமைப்பையே அதற்காகத் தொடங்கினார். அவர் செய்தது சரியென்றே நினைக்கிறேன். நாட்டின் கோடிக்கணக்கான ஏழைக் குடும்பங்களின் எஞ்சின் அது. எஞ்சினைச் சீர்திருத்தப் பொறியாளர் வர வேண்டாமா?

மேலே சொன்ன விதிகளுக்குத் தாய்ச்சட்டம் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அது பிறந்ததில் ஒரு தமிழ்ப் பெண்ணின் பங்கு முதன்மையானது. 1904இல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேலை நாம் கலாக்ஷேத்ராவோடும் பரதநாட்டியத்தோடும் மட்டுமே சேர்த்து நினைக்கிறோம். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டதும் அவர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தது விலங்குகளுக்கான சட்டத்தைத்தான். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதால் திரும்பப் பெற்றார். சட்டம் வந்தது. 1962இல் சென்னையில் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். 1965 விதிகள் சொல்வது இன்றைக்கும் நடைமுறைக்கு உகந்தது. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடைவெளி இல்லாமல் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெயில் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் நண்பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது. ஆணி வைத்த தார்க்குச்சி கூடாது. கழுதைக்கு 50 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது.

அந்த 37 டிகிரிக்கு மாட்டின் வயிற்றில் காரணம் இருக்கிறது. மாட்டின் முதல் இரைப்பை பெரிய நொதிக்கலம். கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வைக்கோலின் நாரை உடைத்துக்கொண்டே இருக்கின்றன. அந்த வேலையே வெப்பத்தை வெளியிடுகிறது. தசை இழுக்கும்போது, எரியும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் இழுவையாகிறது, மிச்சமெல்லாம் சூடு. அடுப்பு உள்ளே எரிய, வெளியே காற்றும் உடல் சூட்டைத் தொட்டுவிட்டால் வெப்பம் வெளியேற வியர்வையும் மூச்சிரைப்பும்தான் வழி. திமிலுள்ள நம் நாட்டு மாடுகள் ஐரோப்பிய மாடுகளைவிட நன்றாக வியர்க்கக்கூடியவை. ஆனால் வியர்க்கத் தண்ணீர் வேண்டும். நாக்கைத் தொங்கவிட்டு எச்சில் ஒழுக நிற்கும் மாட்டை அடித்து நடக்கவைத்தால் அது சுருண்டு விழும்.

வயிறு இன்னொரு சிக்கலையும் வைத்திருக்கிறது. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டலக் கால்நடை மருத்துவ மையத்தில் பீட்டர் லாரன்ஸும் ஆன் பியர்சனும் பல ஆண்டுகள் உழைக்கும் மாடுகளையும் எருமைகளையும் கழுதைகளையும் அளந்தார்கள். மூச்சில் செலவாகும் ஆக்சிஜனைக் கொண்டு, ஒரு மீட்டர் நடக்க எவ்வளவு, ஒரு சுமையை இழுக்க எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். முழு நாள் உழைத்த மாட்டுக்கு, சும்மா நிற்கும் மாட்டைப்போல 1.3 முதல் 1.8 மடங்கு ஆற்றல் வேண்டும் என்று தெரிந்தது. நாம் உழைத்தால் கூடுதலாகச் சாப்பிடுகிறோம். மாடும் அப்படித்தான் என்று நினைப்போம். இல்லை. வைக்கோலை மட்டும் தின்னும் மாட்டால் உழைத்த நாளில் கூடுதலாகத் தின்ன முடிவதில்லை. நார் நொதித்து வயிற்றைவிட்டு நகர நேரம் பிடிக்கும். நகராமல் அடுத்த கவளத்துக்கு இடமில்லை. அசைபோடுவதற்கு மட்டுமே அதற்கு நாளில் பல மணி நேரம் தேவை. அந்த நேரத்தைத்தான் நாம் ஏரிலும் வண்டியிலும் எடுத்துக்கொள்கிறோம். ஆகவே உழவுக் காலத்தில் மாடு தன் உடம்பையே எரித்து உழைக்கிறது. கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த மாட்டை முதல் மழையன்று ஏரில் பூட்டுவதைவிட, மழைக்கு ஒரு மாதம் முன்பே பச்சைத் தீவனமும் புண்ணாக்கும் கொடுத்து உடம்பேற்றிவிடுவது நல்லது.  

மாட்டையாவது நாம் கொண்டாடுகிறோம். பொங்கலுக்குக் கொம்பில் வர்ணமும் கழுத்தில் மாலையும் உண்டு. கழுதைக்கு ஒரு நாளும் இல்லை. சலவைத் தொழிலாளியின் மூட்டை, உப்பு, செங்கல், ஆற்றுமணல் என்று எல்லாவற்றையும் சுமந்த விலங்கு. தருமபுரி மாவட்டத்தின் கோட்டூர் மலைக்குத் தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு இயந்திரத்தைச் சுமந்துபோனதும் அதுதான். இந்தியாவின் கால்நடைக் கணக்கெடுப்பில் 2012இல் மூன்று லட்சத்துக்கு மேலிருந்த கழுதைகள் 2019இல் ஏறத்தாழ 1 லட்சத்து 20 ஆயிரமாகக் குறைந்துவிட்டன.

கழுதையின் துன்பம் கண்ணுக்குத் தெரியாததற்கு அதன் பிறப்பிடமே காரணம். வறண்ட ஆப்பிரிக்க நிலத்தின் காட்டுக்கழுதையிலிருந்து வந்தது. வலியைக் காட்டும் விலங்கைத்தான் வேட்டை விலங்கு தேர்ந்தெடுக்கும். ஆகவே நொண்டினாலும் நொண்டாததுபோல் நிற்கப் பழகிய உடம்பு அது. அஞ்சினால் குதிரை ஓடும், கழுதை நின்றுவிடும். அதைப் பிடிவாதம் என்று நினைத்து அடிக்கிறோம். தாகத்திலும் அப்படியே. 1950களில் சகாராவில் ஒட்டகத்தையும் கழுதையையும் ஆராய்ந்த உடலியலாளர் குனுட் ஷ்மிட்-நீல்சன் ஒன்றைக் கண்டு வியந்தார். தன் உடல் எடையில் கால் பங்குக்கு மேல் நீரை இழந்த கழுதை செத்துவிடவில்லை. தண்ணீரைக் காட்டியதும் இழந்ததைச் சில நிமிடங்களில் குடித்துத் தீர்த்தது. மனிதர் பத்தில் ஒரு பங்கை இழந்தாலே உயிருக்கு ஆபத்து. இந்த அற்புதமான தாங்குதிறனே அதற்குச் சாபமாகிவிட்டது. தாங்குகிறதே என்று தண்ணீர் காட்டாமல் விடுகிறார்கள்.

அப்படியானால் தாகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? தோலைக் கிள்ளி விட்டு, அது எவ்வளவு மெதுவாகத் திரும்புகிறது என்று பார்ப்பதுதான் மருத்துவர்களின் பழைய வழி. ஜாய் பிரிட்சர்ட் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும் பாகிஸ்தானில் வண்டிக் குதிரைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். தோல் கிள்ளும் சோதனையை நம்ப முடியவில்லை. ஈறின் ஈரத்தையும் நம்ப முடியவில்லை. நம்பக்கூடிய சோதனை ஒன்றுதான் தேறியது: ஒரு வாளி தண்ணீரை எதிரே வைத்து, அது குடிக்கிறதா என்று பார்ப்பது. நோயறியும் கருவியும் வாளி, மருந்தும் அதே வாளி. அறிவியலில் இவ்வளவு எளிமையான முடிவு அடிக்கடி வாய்ப்பதில்லை.

இதே பிரிட்சர்ட் குழு, இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் ஏறத்தாழ 5,000 உழைக்கும் குதிரை, கழுதை, கோவேறு கழுதைகளைப் பரிசோதித்து 2005இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறைக்கே திருப்புமுனை. பெரும்பாலானவற்றின் நடையில் கோளாறு இருந்தது. பெரும்பாலானவை மெலிந்திருந்தன. அதற்கு முன் தொண்டு மருத்துவமனைகள் வந்த புண்ணுக்கு மருந்து போட்டு அனுப்பின. ஆய்வுக்குப் பின், அந்தப் புண் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்கத் தொடங்கினார்கள்.

அந்த மாற்றத்துக்கு ஒரு நீண்ட முன்கதை உண்டு. டோரத்தி புரூக் 1930இல் கெய்ரோவுக்குப் போன ஆங்கிலப் பெண். முதல் உலகப்போர் முடிந்ததும் படை விற்றுவிட்டுப் போன குதிரைகள் எலும்பும் தோலுமாகத் தெருவில் வண்டி இழுப்பதைக் கண்டார். 1931இல் லண்டன் நாளிதழுக்குக் கடிதம் எழுதிப் பணம் திரட்டி, சுமார் 5,000 குதிரைகளை விலைக்கு வாங்கினார். பெரும்பாலானவற்றுக்கு அமைதியான சாவைத்தான் தர முடிந்தது. ஆனால் குதிரையை விற்றவர் அந்தப் பணத்தில் இன்னொரு குதிரை வாங்கி அதே சேணத்தைத்தானே மாட்டுவார்? 1934இல் அவர் தொடங்கிய இலவச மருத்துவமனைக்குப் பின்னால் இந்தப் புரிதல் இருந்தது: குதிரைக்காரரின் வறுமையைத் தள்ளிவைத்துவிட்டுக் குதிரையை மட்டும் காப்பாற்ற முடியாது.

அவர் பெயரில் வளர்ந்த புரூக் நிறுவனம் இந்தியாவில் இதை இன்னும் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. செங்கல் சூளைகளில் குதிரை, கழுதை வைத்திருக்கும் குடும்பங்களைச் சிறு குழுக்களாகச் சேர்க்கிறார்கள். பெண்களின் சுயஉதவிக் குழுக்களும் அவற்றில் உண்டு. சேமிக்கிறார்கள். டெட்டனஸ் ஊசி மருந்தைச் சேர்ந்து வாங்குகிறார்கள். தீவனத்தை மொத்தமாக எடுக்கிறார்கள். 2011இல் வெளியான அவர்களுடைய கையேட்டில் எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி ஒன்று இருக்கிறது. "நான் அந்தக் குதிரையாக இருந்தால் என் முதலாளியிடம் என்னவெல்லாம் எதிர்பார்ப்பேன்?" என்று உரிமையாளர்களே உட்கார்ந்து பட்டியல் போட வேண்டும். நிழல், தண்ணீர், வேலை முடிந்ததும் சேணத்தைக் கழற்றுவது, புண்ணின்மேல் சுமை வைக்காதது. வெளியிலிருந்து வந்த ஒருவர் சொன்னால் மறுப்பார்கள். தங்கள் வாயால் சொன்னதைத் தாங்களே வீடு வீடாகப் போய்ப் பார்த்து மதிப்பெண் போடும்போது மாற்றம் வருகிறது. நம்மூரில் நொண்டும் மாட்டுக்குக் காய்ச்சிய கம்பியால் சூடு போடுகிறார்கள். அது எதையும் குணமாக்குவதில்லை, வலிக்குமேல் இன்னொரு வலியைச் சேர்க்கிறது. ஆனால் சூடு போடுகிறவர் மாட்டை வெறுப்பவர் இல்லை. வைத்தியம் என்று நம்பிச் செய்கிறார். அவரைத் திட்டுவதால் அந்தக் கம்பி அடுப்பைவிட்டு வெளியே வராது.

விலங்குக்கு என்ன வேண்டும் என்று நினைத்துப் பார்க்கிற பழக்கம் நமக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தின் பழைய தெருவோரங்களில் மடத்துக்கும் கேணிக்கும் பக்கத்தில் சுமைதாங்கிக் கல் இருக்கும். அதன் அருகே ஆவுரஞ்சிக் கல்லும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கும். மூட்டை சுமந்து வந்தவர் பாரத்தை இறக்க ஒரு கல், வண்டி மாடு தன் உடம்பை உரசிக்கொள்ள ஒரு கல். தமிழர் மரபில் சொல்லப்படும் 32 அறங்களில் மாடு உரஞ்சக் கல் நாட்டுவதும் ஒன்று. இதை வெறும் புண்ணியக் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2018இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கறவை மாடுகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கனமான கதவைத் தள்ளித் திறந்தால் ஒரு முறை புதிய தீவனம், இன்னொரு முறை உடம்பு உரசச் சுழலும் தூரிகை. கதவின் கனத்தை நாளுக்கு நாள் கூட்டினார்கள். தீவனத்துக்காக எவ்வளவு கனத்தைத் தள்ளியதோ, கிட்டத்தட்ட அதே கனத்தைத் தூரிகைக்காகவும் மாடு தள்ளியது. உரஞ்சுவது அதற்கு உணவுக்கு நிகரான தேவை. உண்ணியும் அழுக்கும் உதிர்ந்த முடியும் போகும். நாக்கும் வாலும் எட்டாத இடத்து அரிப்பு தீரும். தெருவோரம் அந்தக் கல்லை நட்டவர் எந்தக் கதவையும் வைத்துச் சோதித்ததில்லை. மாடு வேலியிலும் மரத்திலும் உரசுவதைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

இனி மன்னார். அந்தத் தீவின் கழுதைகளை அரபு வணிகர்கள் கொண்டுவந்தார்கள் என்று சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகச் சுமை சுமந்தவை, வேனும் டிராக்டரும் வந்ததும் கைவிடப்பட்டன. ஆஸ்திரேலிய ஒட்டகங்களுக்கு நேர்ந்ததேதான். இன்று அவை நகரத்துத் தெருக்களில் திரிகின்றன. குப்பையில் பாலிதீன் தின்கின்றன. இரவில் வாகனத்தில் அடிபடுகின்றன. ஆஸ்திரேலியாவோடு தொடர்புள்ள பிரிட்ஜிங் லங்கா என்ற தொண்டு நிறுவனம் மன்னாரில் ஒரு கழுதை மருத்துவமனையையும் கல்வி மையத்தையும் உருவாக்கியது. அடிபட்டவற்றுக்கு அங்கே சிகிச்சை தருகிறார்கள். மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளைச் சாதுவான கழுதைகளோடு பழகவைக்கிறார்கள். போரால் அடிபட்ட ஒரு மாவட்டத்தில் மனிதருக்கே போதாதபோது கழுதைக்கு ஆஸ்பத்திரியா என்று கேட்டவர்கள் இருக்கலாம். அந்தக் குழந்தைகளின் பெற்றோர் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். வேலை இல்லாமல் போன ஒரு விலங்குக்குப் புதிய இடம் ஒன்றைக் கண்டுபிடித்தது பெரிய காரியம். ஆஸ்திரேலியா 1925இல் அதை யோசிக்கவில்லை.

மெரிலேண்ட்ஸ், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி என்று இந்தப் பக்கம் வாழும் நாம் ஊருக்கு அனுப்பும் பணம் கொஞ்சமல்ல. கோயில் திருப்பணிக்கும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் வாசிகசாலைக்கும் அனுப்புகிறோம், அனுப்பவும் வேண்டும். அடுத்த முறை ஊர்ச் சங்கத்தோடு பேசும்போது ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்: இன்னும் அங்கே எத்தனை பேர் வண்டி மாடும் ஏர் மாடும் கழுதையும் வைத்துப் பிழைக்கிறார்கள்? அவர்களுக்கு இழைத்த நுகம் செய்து தர ஒரு தச்சருக்குக் கூலி கொடுக்கலாம். மாட்டின் குளம்பு பிளவுபட்டது, ஒரு காலுக்கு இரண்டு லாடம் வீதம் ஒரு மாட்டுக்கு எட்டு. அதைக் காயமில்லாமல் அடிக்கத் தெரிந்தவர்கள் அருகி வருகிறார்கள். ஓர் இளைஞருக்கு அந்தத் தொழிலைப் பழக்கலாம். சந்தைக்குப் போகும் வழியில் நிழலுள்ள இடமாகப் பார்த்து ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டலாம், பக்கத்தில் ஓர் உரஞ்சு கல்லும் நடலாம். தொட்டி கட்டித் திறப்புவிழா நடத்தியதோடு விட்டுவிட்டால் ஒரு வருடத்தில் பாசி பிடித்துக் காய்ந்துவிடும். தினமும் கழுவித் தண்ணீர் நிரப்ப ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அந்தச் சம்பளத்தையும் சேர்த்தே பணம் அனுப்புங்கள்.